பாய்மரம் படபடக்குமா?

ஜூன் 4, காலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குழந்தைகளுக்காகக் கடல் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதில் ஒரு வரி: "நல்ல காற்று. பாய்மரங்கள் படபடக்க, கப்பல் வேகமாக ஓடியது." படித்துப் பார்த்த தோழி, பாய்மரம் எப்படிப் படபடக்கும் என்று கேட்டுவிட்டாராம். யார் சொல்வது சரி?

தோழி சொல்வதுதான் சரி. பாய்மரம் என்பது மரம். பாயைக் கட்டுவதற்காகக் கப்பலின் நடுவில் நட்ட கம்பம். அது சாயும், முறியும், புயலில் முறுமுறுக்கும். படபடப்பது அதில் கட்டிய பாய்.

ஜூன் 4, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் குழப்பம் அந்த வாசகருடையது மட்டும் இல்லை. "பாய்மரத்தை விரித்தார்கள்", "பாய்மரத்தைச் சுருட்டினார்கள்" என்றெல்லாம் அச்சிலேயே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு சுருக்கென்கிறது. மரத்தை எப்படிச் சுருட்டுவது?

தப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். "பாய்மரக் கப்பல்" என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, பாய்மரம் என்பதையே அந்தப் பெரிய வெள்ளைத் துணிக்குப் பெயராக எடுத்துக்கொண்டோம். கப்பலை நேரில் பார்க்காத தலைமுறைக்கு அது இயல்பு. இந்தியக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான தரங்கிணியின் படத்தைப் பாருங்கள். மூன்று பாய்மரம். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகப் பாய்கள். மரத்தை எண்ணினால் மூன்றோடு நின்றுவிடும், பாயை எண்ணினால் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜூன் 6

அதே வாசகர் அடுத்த கேள்வியோடு வந்திருக்கிறார். படுக்கிற பாயும் கப்பலின் பாயும் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்கிற இரண்டு சொற்களா?

நான் இவ்வளவு நாள் நம்பிவந்தது இது: கப்பலின் பாய், 'பாய்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. புலி பாய்கிறது, வெள்ளம் பாய்கிறது, அம்பு பாய்கிறது. காற்று பிடித்ததும் படகு அப்படித்தான் ஒரு துள்ளு துள்ளிப் பாயும். அந்தத் துள்ளலை உடம்பில் ஒருமுறை உணர்ந்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. படுக்கிற பாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 7

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. அது என் கருத்துக்கு ஆதரவா எதிரா என்று முடிவு செய்ய முடியாமல்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா பாக் நீரிணைக் கரையில் வள்ளம் வைத்திருந்தவர். ஒரே ஒரு பாய். எஞ்சின் வருவதற்கு முந்தைய காலம். காற்று பலமானால், காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிய பலகையின் மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்துகொள்வார், வள்ளம் சாயாமல் இருக்க. எனக்கு ஆறு வயசு இருக்கும். விடியற்காலையில் கரையில் நின்றுகொண்டு தாத்தா என்னை விரட்டினார்: "ஓடிப் போய்ப் பாயை எடுத்துக்கிட்டு வா!" நான் ஓடிப் போய், தங்கச்சியை உருட்டிவிட்டு, அவள் படுத்திருந்த கோரைப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. பாயை வாங்கி மணலில் வைத்துவிட்டு, "இதுவும் பாய்தான். அந்தக் காலத்துல இதைத்தான் கட்டுனாங்க" என்றார்.

அப்போது என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 9

ஜூன் 6 அன்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மலையாளம் பேசும் வாசகர் ஒருவர் எழுதினார்: அவர்கள் மொழியில் 'பாய' என்றால் படுக்கும் பாய், கப்பலின் பாய் இரண்டும்தான். 'பாய்க்கப்பல்' என்றே சொல்கிறார்கள். நடுவில் மரத்தைச் செருகாமல், நேராக. (எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருக்கிறது. தமிழிலும் பாய்க்கப்பல் என்றே எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.) ஆனால் தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதால் அது பெரிய சாட்சி ஆகாது.

என்னை மாற்றியது தெலுங்கு. அங்கே கப்பல் பாய்க்குத் 'தெரசாப' என்று பெயர். தெர என்றால் திரை. சாப என்றால் பாய், தரையில் விரிக்கிற அதே பாய். அதாவது 'திரைப்பாய்'. நம் 'பாய்' என்ற சொல்லுக்கும் 'சாப' என்ற சொல்லுக்கும் ஒலியில் ஒரு தொடர்பும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு மொழிக்காரர்களும் கப்பலின் மேலே பார்த்து, தங்கள் வீட்டுத் தரையில் கிடந்த பொருளின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 'பாய்தல்' என்ற வினை தலையிடவே வழியில்லை. பார்த்தவர்கள் கண்ணுக்கு மேலே தொங்கியது உண்மையிலேயே பாய்தான், அதனால்தான் அப்படிச் சொன்னார்கள்.

கன்னடத்தில் இன்னும் விசேஷம். நம் பகரம் அங்கே ஹகரமாக மாறும், பால் என்பது ஹாலு ஆனதுபோல. நம் பாய் அங்கே 'ஹாயி'. ஆனால் ஹாயி என்றால் கப்பல் பாய். படுக்கிற பாய் அவர்களுக்குச் 'சாபெ', தெலுங்கோடு சேர்ந்து. ஒரு சொல் கடலுக்குப் போய்விட்டது, வீட்டுக்கு வேறு சொல்.

ஜூன் 9, இன்னும் ஒன்று

பாயைக் கட்டிக் கடலோடுவது நடக்கிற காரியமா என்று இன்னொருவர் சந்தேகப்பட்டார். நடந்த காரியம். பசிபிக் தீவுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடலோடியது ஓலைப்பாயை வைத்துத்தான். அவர்கள் முடைந்தது தாழை இனத்து ஓலையில். நாம் தாழம்பாய் என்று சொல்வதற்குப் பக்கத்து உறவு. நெருக்கமாக முடைந்த ஓலைப்பாய் காற்றைப் பிடிக்கும். துணி அளவுக்கு மழையில் உழைக்காது, கனமும் அதிகம், அவ்வளவுதான்.

தாத்தா என்னைத் தேற்றவில்லை. இருந்ததைச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12

இரண்டு நாளாக இதே நினைப்பு. 'பாய்தல்' வினையை அவ்வளவு சீக்கிரம் விரட்டியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. துள்ளுதல் என்ற பொருளை மட்டும் வைத்து யோசித்தது என் குறை. அந்த வினைக்குப் பரவுதல், விரிதல் என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. 'பாயிருள்' என்றால் பரந்து கிடக்கும் இருள், அது துள்ளுகிற இருள் இல்லை. பரிபாடலில் 'பாயிரும் பனிக்கடல்' என்று வருவதும் பரந்த பெரிய குளிர்ந்த கடல்தான். படுக்கைக்கும் உறக்கத்துக்கும் 'பாயல்' என்று பெயர். நெசவில் பாவு ஓட்டுகிறோம், வயலில் நாற்றுப் பாவுகிறோம், கல் பாவிய தரை என்கிறோம். எல்லாம் பரப்புகிற வேலை.

அப்படியானால் பாய் என்பது 'பரப்பி வைப்பது'. தரையில் பரப்பினால் படுக்கை, காற்றில் பரப்பினால் கப்பல் பாய். இரண்டுக்கும் நாம் 'விரி' என்ற ஒரே வினையைத்தான் இன்றைக்கும் போடுகிறோம். பாயை விரித்துப் படுத்தான், பாயை விரித்துப் புறப்பட்டான்.

இது என் முடிவு, இப்போதைக்கு.

ஜூன் 13

இந்தப் பொருளில் இந்தச் சொல் எவ்வளவு பழையது என்று கேட்கிறார்கள். புறநானூறு 30-ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது: "கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரந் தோண்டாது / புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்." பாய்மரத்தையும் மேலே கட்டிய பாயையும் கழற்றாமல், பாரத்தையும் இறக்காமல் பெரிய கப்பல் புகாருக்குள் வந்துவிடுகிறதாம். ஆற்றுமுகம் அவ்வளவு ஆழம் என்று சொல்லாமல் சொல்கிறார். கூம்பு என்பது பாய்மரத்தின் பழைய பெயர். குலசேகர ஆழ்வாரின் 'வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை', கரை காணாமல் பறந்து பறந்து திரும்பக் கப்பலின் கம்பத்திலேயே வந்து உட்காருகிற பறவை, அந்தக் கூம்பில்தான் உட்காருகிறது.

கூம்பையும் பாயையும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தனித்தனியாக எண்ணிச் சொன்ன மொழி இது. நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஜூன் 13, மாலை

எழுத மறந்தது. கப்பல் பாய்க்குச் சங்கத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு: 'இதை'. மதுரைக்காஞ்சியில் "நெடுங்கொடி மிசை இதை எடுத்து" என்று வருகிறது. அதே பாட்டில் 'வால் இதை', வெள்ளைப் பாய், என்றும் உண்டு. அந்தச் சொல் இன்று இல்லை. 'இதை' என்று எழுதினால் 'இந்தப் பொருளை' என்றுதான் யாரும் படிப்பார்கள். இரண்டு சொல்லில் ஒன்று செத்து, ஒன்று பிழைத்திருக்கிறது. வீட்டில் தினமும் சுருட்டி விரிக்கிற பொருளோடு ஒட்டிக்கொண்ட சொல் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஜூன் 17

பேச்சு வழக்கில் பாய் எங்கெல்லாம் வருகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுப் பாய்தான். பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறார் என்றால் நோயாளி. பாயைப் பிறாண்டுகிறான் என்றால் புத்தி கலங்கிய நிலை. ஊர் விருந்தில் நீளமாக உருட்டி விடுவது பந்திப்பாய். வினைப் பக்கம் போனால் முடிவே இல்லை: தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும், மின்சாரம் பாய்ந்தது, அவர் மேல் வழக்குப் பாய்ந்தது. 'அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான்' என்ற பழமொழியை ஒருவர் அனுப்பியிருந்தார். தடுக்கு என்பதே சின்னப் பாய்தானே. பாயின் மேல் பாய்கிற பழமொழி! இந்த இழைக்கென்றே யாரோ செய்து வைத்ததுபோல இருக்கிறது.

முஸ்லிம் பெரியவர்களை 'பாய்' என்று மரியாதையாகக் கூப்பிடுவது வேறு கணக்கு. அது அண்ணன், தம்பி என்று பொருள்படும் இந்தி, உருதுச் சொல். நம் எழுத்தில் அந்த முதல் ஒலிக்கு வேறு எழுத்து இல்லாததால் ஒன்றாகத் தெரிகிறது.

கப்பல் பாயை வைத்துப் பழமொழி இருக்கிறதா என்று தேடினால் கை வறண்டுதான் போகிறது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை மூன்று பேர் அனுப்பினார்கள். அது கடல் பழமொழி இல்லை, களத்துமேட்டுப் பழமொழி. தூற்றுவது நெல்லை. காற்று வீசும்போது உயரத்திலிருந்து கொட்டினால் பதர் பறந்து மணி கீழே விழும். அதைக் கடலுக்கு இழுக்க வேண்டாம். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே, கரை சேர்ந்தான், இரண்டு தோணியில் கால் வைக்காதே: இவையெல்லாம் கப்பலையும் கரையையும் பற்றியவை. பாயைப் பற்றியவை இல்லை. கடலோரத்தில் கண்டிப்பாக இருந்திருக்கும். எஞ்சின் வந்தபோது பாயோடு அந்தப் பேச்சும் போயிருக்கிறது. என் தாத்தா பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை, நானும்தான்.

ஜூன் 18

அக்காவிடம் அந்தப் பாய்க் கதையைச் சொன்னேன். பாதி சரி என்கிறாள். நான் எடுத்துப் போனது கோரைப்பாய் இல்லையாம். கிழிந்துபோன பழைய படகுப் பாயை, அந்தத் துணியை, நாலாக மடித்துப் பாட்டி தைத்து வைத்திருந்தாராம். தங்கச்சி படுத்திருந்தது அதில்தான். மரப்பட்டைச் சாயம் ஏறிய செம்மண் நிறம், மூக்கை வைத்தால் உப்பும் மீனும் மணக்கும் என்று அவள் சொன்னதும் எனக்கே அந்த மணம் வந்துவிட்டது. ஆமாம், அதுதான்.

அப்படியென்றால் நான் தப்பான பாயைக் கொண்டுபோகவில்லை. ஒருகாலத்தில் அந்த வள்ளத்திலேயே ஓடிய பாயைத்தான் கொண்டுபோயிருக்கிறேன். அப்போது "அந்தக் காலத்துல இதைத்தான் கட்டுனாங்க" என்று தாத்தா சொன்னதற்கு என்ன பொருள்? ஓலைப்பாயையா சொன்னார், இல்லை அந்தப் பழைய துணியையா? ஜூன் 9 அன்று நான் எழுதிய கடைசி வரியை இந்தச் சந்தேகத்தோடு சேர்த்துப் படியுங்கள். தெலுங்குச் சாட்சி அப்படியே நிற்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தாவின் சாட்சி மட்டும் இரண்டு பக்கமும் பேசுகிறது.

ஜூன் 22

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் காற்றுகளின் பெயரை எழுதி அனுப்பினார்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். பாய் ஓட்டுகிறவனுக்கு இவைதான் நாட்காட்டி. எந்தக் காற்று எந்த மாதம் எழும், எது கரைக்குத் தள்ளும், எது வெளியே இழுக்கும் என்று தெரியாமல் பாயில் கை வைக்க முடியாது. அவர் வல்வெட்டித்துறையையும் நினைவூட்டினார். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அவருடைய எழுத்தில் அந்தப் பெருமிதம் தெரிந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

இன்னொரு விஷயம் இதோடு சேர்த்துச் சொல்லத் தகுந்தது. கப்பலில் இருக்கிற சொற்களில் எத்தனை வெளியிலிருந்து வந்தவை என்று பாருங்கள். சுக்கான் அரபு. மாலுமி அரபு, ஆசிரியன் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்பதிலிருந்து. நங்கூரம் பாரசீகம், அங்கே 'லங்கர்'. பல தேசத்துக்காரர்கள் ஒரே தளத்தில் வேலை செய்த கடல் இது, சொற்களும் கலந்துதான் கிடக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கலப்புக்கு நடுவில் பாய் மட்டும் அசையாமல் வீட்டுச் சொல்லாகவே நின்றிருக்கிறது. நங்கூரத்தைக்கூட நாம் 'பாய்ச்சி'த்தான் நிறுத்துகிறோம்.

பாயைச் சுற்றியுள்ள மற்றச் சொற்கள் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பாயைத் தாங்குகிற குறுக்குமரம் பருமல், ஏற்றுகிற கயிறு ஆஞ்சான், பாயின் கீழ் முனையைப் பிடிக்கிற கயிறு தாமான். இந்த அளவுக்குத்தான் என்னிடம் இருக்கிறது.

ஜூன் 23

சின்னத் திருத்தம், என்னுடையது இல்லை, ஓவியர்களுக்கு. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியாவும் லாவோவும் நீராவிக் கப்பல்கள். பெரிய பாய் விரித்த கப்பலின் முன்னால் அவரை நிறுத்திப் படம் போடாதீர்கள். போட்டிக்காரனின் நீராவிக்கு நீராவியாலேயே பதில் சொன்னவர் அவர். பாயைப் போட்டால் அந்தத் துணிச்சல் மறைந்துவிடுகிறது.

ஜூலை 1

கேள்வி கேட்ட வாசகர் வரியைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்: "நல்ல காற்று. பாய்கள் படபடக்க, கப்பல் வேகமாக ஓடியது."

முதலில் சரி என்று பதில் எழுதிவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. முதல் நாளே கவனித்திருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். ஜூன் 4 காலையில் 'படபடப்பது அதில் கட்டிய பாய்' என்று நானே எழுதி வழி தவறக் காட்டியிருக்கிறேன்.

நல்ல காற்றில் ஓடுகிற பாய் படபடக்காது. காற்று நிறைந்து, இறுகி, வயிறு தள்ளி நிற்கும். சத்தமே இருக்காது. அடியில் தண்ணீர் கிழிபடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பாய் படபடக்கிறது என்றால் காற்று அதைப் பிடிக்கவில்லை என்று பொருள். தாமானைத் தளர விட்டிருப்பார்கள், அல்லது படகின் மூக்கு காற்றுக்கு நேராகத் திரும்பியிருக்கும். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் இழுக்காது. சுமாராக 45 பாகையாவது விலகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும், மூக்கு காற்றைத் தாண்டுகிற அந்தச் சில நொடி பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், வேகம் செத்துப்போகும். பிறகு மறுபக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், பாய் நிறையும், படகு துள்ளும். ஜூன் 6 அன்று நான் சொன்ன துள்ளல் இதுதான்.

அதனால் படபடப்பு வேகத்தின் அடையாளம் இல்லை. வேகம் போனதன் அடையாளம்.

ஜூலை 2

'அப்படியானால் என்ன வினை போடுவது' என்று கேட்கிறார். புடைத்தல். புறநானூறு 26-இல் மாங்குடி கிழார் "வளி புடைத்த கலம்" என்கிறார். அங்கே புடைத்தல் என்றால் அடித்துத் தள்ளுதல், முறத்தில் அரிசி புடைக்கிறோமே அந்த அடி. இன்று நமக்குப் புடைத்தல் என்றால் வீங்கி நிற்பதும்தான். பாய்க்கு இரண்டும் பொருந்தும்: காற்று அடிக்கிறது, பாய் வீங்குகிறது.

ஜூலை 3

இன்று வந்த வரி: "நல்ல காற்று. பாய் புடைத்து நின்றது. கப்பல் சத்தமில்லாமல் ஓடியது."

படபடப்பை அவர் தூக்கி எறியவில்லையாம். கதையில் பின்னால், வழி தவறிய கப்பலைச் சிறுமி ஒருத்தி திருப்புகிற இடத்தில் வைத்திருக்கிறார். அவள் சுக்கானைத் தள்ளுகிறாள், பாய் படபடக்கிறது, எல்லாரும் பயந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். பாய்மரம் ஒருமுறை முறுமுறுக்கிறது. அப்புறம் அந்த 'டப்'.